க்ரூனர் வெல்ட்லினர்: வைன்ஃபீர்டலா, வஹாவா?

கொடிமுந்திரி எழுதியது:
ஆஸ்திரியத் திராட்சைத் தோட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பிடித்திருக்கும் க்ரூனர் வெல்ட்லினர் என்ற வெள்ளைத் திராட்சை பற்றிப் பேச்சு எழுந்தாலே, எல்லோரும் மிளகு வாசனையையும் எலுமிச்சைப் புளிப்பையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். செக் எல்லை வரை பரந்திருக்கும் வைன்ஃபீர்டல் வட்டாரத்தின் மெல்லிய வெள்ளை வைனுக்கு அது பொருந்தும். ஆனால் இந்தத் திராட்சையின் முழு வலிமையை அறிய, டான்யூப் ஆற்றோரம் மெல்க்குக்கும் க்ரெம்ஸுக்கும் இடையே, சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கட்டிய படிவரிசைகளில் கொடி வளர்க்கும் வஹாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே நன்கு பழுத்த கனியில் செய்யும் ஸ்மாரக்ட் வகைக்கு ஆல்கஹால் 12.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது; நல்லதொரு புட்டி பத்தாண்டு கடந்தும் தேனும் கொட்டைப்பருப்பும் மணக்க நிற்கும். 2002இல் லண்டனில் பெயரை மறைத்து நடத்திய சுவைத்தேர்வில் பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தின் பேர்பெற்ற வைன்களை க்ரூனர்கள் முந்தியதை மறந்துவிடக் கூடாது.

நெடுவழியன் எழுதியது:
நண்பரே, மெல்லியது என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். நான் அதையே இந்த வைனின் இலக்கணம் என்பேன். ஆஸ்திரியாவில் டிஏசி என்ற வட்டார முத்திரை முதன்முதலில் 2002ஆம் ஆண்டு அறுவடைக்கு, வைன்ஃபீர்டலின் க்ரூனருக்குத்தான் கிடைத்தது. மிளகின் காரமும் பழச்சுவையும் தெரிய வேண்டும், மரப்பீப்பாயின் வாசனை மேலெழக் கூடாது என்பதே அதன் அடிப்படை. வஹாவ் அந்த முத்திரைக்குள் வந்தது 2020இல்தான். உங்கள் ஸ்மாரக்டில் கனி மிகப் பழுத்து ஆல்கஹால் 14 விழுக்காட்டைத் தொடும்போது, சாப்பாட்டு மேசையில் வைனே முதலாளி ஆகிவிடுகிறது. எண்ணெயில் பொரித்து எலுமிச்சை பிழிந்த கன்றிறைச்சித் துண்டான வீனர் ஷ்னிட்செலுக்கு வேண்டியது நாக்கின் கொழுப்பைக் கழுவும் புளிப்பு. பெரும்பாலான வைன்களைக் கசக்கச் செய்யும் ஆஸ்பராகஸ் தண்டோடும் இந்த இளம் வைன் சண்டையிடுவதில்லை.

கொடிமுந்திரி எழுதியது:
ஆஸ்பராகஸை உங்களுக்கே விட்டுத்தருகிறேன். ஆனால் வஹாவ் என்றாலே ஸ்மாரக்ட் மட்டும் என்று கொள்வது சரியல்ல. 11.5 விழுக்காட்டைத் தாண்டாத ஸ்டைன்ஃபெடரும், அதற்கு மேல் 12.5 வரை செல்லும் ஃபெடர்ஷ்பீலும் அதே சரிவுகளில்தான் பிறக்கின்றன. வடக்கே வால்ட்ஃபீர்டல் மேட்டிலிருந்து இரவில் இறங்கும் குளிர்காற்றும், கிழக்கே பன்னோனியச் சமவெளியின் வெப்பமும் அங்கே கைகலப்பதால், கனி பழுத்தும் புளிப்பு கெடுவதில்லை. வேகவைத்த மாட்டிறைச்சியைக் காரமான குதிரைமுள்ளங்கித் துருவலோடு உண்ணும் டாஃபெல்ஷ்பிட்ஸுக்கு எதிரே உங்கள் மெல்லிய வைனை வைத்துப் பாருங்கள், தண்ணீர்போல் ஆகிவிடும்.

மரப்பந்தல் எழுதியது:
இருவரும் மிளகைப் பற்றி வாதிடுகிறீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று இருவருமே கேட்கவில்லை. நம் அஞ்சறைப் பெட்டி மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் ஷிராஸ் என்ற சிவப்பு வைனில் அடையாளம் கண்டார்கள். பின்னர் அது க்ரூனரிலும் இருப்பது தெரியவந்தது. குளிர்ந்த ஆண்டிலும் நிழல் விழும் கொத்திலும் அது கூடும். வெயிலில் நன்கு பழுத்த கனியில் குறையும். ஸ்மாரக்டில் மிளகு மங்கித் தெரிவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். இன்னொன்று: ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரிவதே இல்லை. கொடிமுந்திரி அவர்கள் அந்த ஐந்தாமவரோ என்னவோ! (பெயரை வைத்து ரோட்டர் வெல்ட்லினர் என்ற வேறொரு திராட்சைக்கு க்ரூனரை உறவாக்கிவிடாதீர்கள், இதன் பெற்றோரில் ஒன்று ட்ராமினர் என்ற திராட்சை, மற்றொன்று ஆஸ்திரியாவின் பூர்கன்லாந்தில் உள்ள சாங்க்ட் கேயோர்கனில் கண்டறியப்பட்ட பழைய கொடி.)

கொடிமுந்திரி எழுதியது:
என் மூக்கில் குறையில்லை, ஐயா. ஃபெடர்ஷ்பீலில் மிளகு எனக்கு நன்றாகவே தெரிகிறது. நெடுவழியனிடம் ஒன்று கேட்கிறேன்: ஸ்மாரக்டை எந்தக் குளிரில் ஊற்றினீர்கள்?

நெடுவழியன் எழுதியது:
மற்ற வெள்ளை வைன்களைப் போலவே, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு.

கொடிமுந்திரி எழுதியது:
அங்கேதான் தவறு. வைன்ஃபீர்டல் வைனுக்கு 8 பாகை செல்சியஸ் போதும். ஸ்மாரக்டை 12 பாகை வரை விட்டு, அகன்ற கோப்பையில் ஊற்றிக் கால்மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். அதன் பிறகும் கனம் மட்டுமே தெரிந்தால் வந்து திட்டுங்கள்.