லில்லிக் கிழங்கை எப்போது கிண்டுவது? (‘வெள்ளவத்தைக் குடும்பம்’ குழு)

வதனி (ஸ்காபரோ, கனடா): எல்லாருக்கும் வணக்கம். வீடு விற்றாயிற்று. ஒக்டோபர் 30 திறப்புக் கொடுக்க வேண்டும். அம்மா நட்ட லில்லி முன்வளவில் நிற்கிறது. எப்போது கிண்டலாம், மாமா?

ரமணி: விற்றாச்சா? எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை.

நந்தன்: எவ்வளவுக்குப் போனது?

சிவா: பிள்ளை, இப்போது தொடாதே. செப்டெம்பர் நடுப்பகுதிதானே, தண்டு பச்சையாக இருக்கும். பூ முடிந்த பிறகு இலைதான் அடுத்த வருடத்துக்கான சாப்பாட்டைக் கிழங்கில் சேர்க்கிறது. தண்டு மஞ்சளாக வேண்டும். அங்கே அது செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் முதல் பாதி. பிந்தவும் கூடாது. நிலம் உறைய முன் 4 முதல் 6 கிழமை கிடைத்தால்தான் புது இடத்தில் வேர் பிடிக்கும்.

குட்டி: மாமா நட்ட கறிவேப்பிலையே பட்டுப்போனது 😂

சிவா: உன் அப்பா அதில் நாயைக் கட்டினார்.

வதனி: கிண்டி பேஸ்மென்டில் வைத்து, ஏப்ரலில் நட்டால்?

சிவா: கூடாது. டியூலிப்புக்கு இருக்கிற மேல்தோல் லில்லிக்கு இல்லை. வெறும் செதில்தான், காற்றுப் பட்டால் காய்ந்துவிடும். வேரை வெட்டாதே. எடுத்த அன்றே நடு, முடியாவிட்டால் ஈர மண்ணோடு வாளியில் வை. ஆழம் கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. தண்ணீர் தேங்கக் கூடாது. சருகு மூடுவது நிலம் உறைந்த பிறகு, முதலே மூடினால் எலி குடிவரும். வெள்ளை மடோனா லில்லி என்றால் கணக்கு வேறு. அதை ஓகஸ்டிலேயே மாற்ற வேண்டும், மேலே 2, 3 சென்ரிமீற்றர் மண் போதும்.

வதனி: இது செம்மஞ்சள், ஏசியாட்டிக் வகை.

ரமணி: எனக்கும் நாலு கிழங்கு. டிசம்பரில் கலியாணத்துக்கு வரும்போது பெட்டியில் வை.

நந்தன்: அக்கா, அந்தப் பெட்டியில் என் சப்பாத்து வருகிறது

சிவா: ரமணி, இலங்கைக்குக் கிழங்கு கொண்டுவர முன்அனுமதி வேண்டும். 1999ஆம் ஆண்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடிப்பார்கள். தப்பி வந்தாலும் வெள்ளவத்தையில் பூக்காது, 6, 8 கிழமையாவது நல்ல குளிர் பட வேண்டும். நுவரெலியா என்றால் பார்க்கலாம்.

ரமணி: அத்தை நட்டதில் நாலு கேட்டால் சட்டம் வருகிறது. கொடிகாமத்துக் காணிக்கு மட்டும் ஒரு சட்டமும் இல்லை, சித்தப்பா.

சிவா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தேவி: மண்டபத்துக்கு மிச்சக் காசு யார் கொண்டுபோவது?

நந்தன்: வதனி மச்சாள், ஒப்பந்தத்தில் லில்லியை எழுதினீர்களா? ஒன்ராறியோவில் மண்ணில் நிற்கிற செடி வீட்டோடு சேர்த்தி. எழுதாவிட்டால் அது வாங்கியவருடையது.

வதனி: எழுதவில்லையே. ஏஜென்டிடம் கேட்கிறேன்.

சிவா: கேள். அதற்குள் ஒவ்வொரு தண்டின் பக்கத்திலும் ஒரு குச்சி ஊன்று. தண்டு விழுந்தால் இடம் தெரியாது, கிழங்கில் மண்வெட்டி இறங்கும்.

குட்டி: நடுவது எங்கே? நீங்கள் அபார்ட்மென்டுக்குத்தானே போகிறீர்கள்

வதனி: அண்ணா வீட்டுப் பின்வளவில். அண்ணியின் பூனை மண்ணைக் கிளறாவிட்டால் சரி.

சிவா: பூனையா! லில்லியின் பூந்தூளை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். வேலி போடு, அல்லது வேறு இடம் பார்.

வதனி: அண்ணியிடம் இதை யார் சொல்வது?

ரமணி: பூனை இல்லாத வீடு எங்களுடையது. சும்மா சொன்னேன்.

தேவி: மண்டபம்??

நந்தன்: வெள்ளிக்கிழமை பார்ப்போம் அத்தை