இலங்கையின் கிழக்கில் இருந்துகொண்டு ஜப்பானிய மொழி தொடங்கியவர்கள், உங்கள் பாடு எப்படி?

வந்தாறுமூலை ஹொஸ்டல்:
கிழக்குப் பல்கலைக்கழகம், கலைப்பீடம், இரண்டாம் வருடம். விரிவுரை முடிந்து அறைக்கு வந்தபின் சூமில் ஜப்பானிய வகுப்பு. ஆசிரியர் கொழும்புப் பக்கம். விளக்கமெல்லாம் பாதி சிங்களம், பாதி ஆங்கிலம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து படிக்கிறவர்கள் என்னென்ன பட்டீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

எழுத்தைச் சொல்லித்தான் எல்லாரும் வெருட்டினார்கள். 247 எழுத்தை ஐந்து வயதில் படித்த நமக்கு ஜப்பானியத்தின் இரண்டு ஓசை எழுத்து வரிசைகள், ஹிரகனா 46, கதகனா 46 என்பது பெரிய விஷயமே இல்லை. கதகனாவில் 'ஷி', 'ட்சு', 'சோ', 'ன்' நான்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதினதுபோல இருக்கும். அது எழுத எழுதச் சரியாகிவிடும். உண்மையான தொல்லை கொப்பியில் உச்சரிப்பைத் தமிழில் குறித்துவைப்பதில் இருக்கிறது. 'தென்கி' என்று எழுதினால் அது வானிலையா மின்சாரமா? ஜப்பானியத்தில் ஒன்று வல்லோசையில் தொடங்குகிறது, மற்றது மெல்ல அதிரும் ஓசையில். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'த'. 'ககு' இன்னும் மோசம். நம் நாக்கு நடுவில் வரும் 'க'வைத் தானாகவே மென்மையாக்கிவிடும். 'எழுது' என்று சொல்லப் போய் 'தளபாடம்' என்று சொல்லிவிடுவோம். அவர்கள் எழுத்துக்கு மேலே இரண்டு சின்னக் கோடு போட்டு இதைத் தீர்த்துவிட்டார்கள். ஆகவே தமிழில் குறிப்பதை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

குறில் நெடிலும் இரட்டை மெய்யும் நமக்குப் பிறந்ததில் இருந்தே உண்டு. 'ஒபசன்' என்றால் மாமி, 'ஒபாசன்' என்றால் அம்மம்மா. ஆங்கிலத்தில் விளக்கும் யூடியூப்காரர்கள் இதற்கு ஒரு முழு வீடியோ போடுகிறார்கள், பாவம்.

இலக்கணம் வந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. 'தபெதெ மிரு' என்பதற்கு ஆங்கில நூலில் ஒரு பக்க விளக்கம். அது நம் 'சாப்பிட்டுப் பார்'. மிரு என்றால் பார், அவ்வளவுதான். எழுதி வை, சாப்பிட்டுவிட்டேன், நானும், யாரோ, 'வருகிறேன் என்று சொன்னார்', எல்லாம் அப்படியே சொல்லுக்குச் சொல் விழுகிறது. வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால், 'நேற்று வந்த பையன்' என்கிற அடுக்கும் அதே வரிசை. வினைக்கு ஆண், பெண், ஒருமை, பன்மை எதுவும் இல்லை, அதில் நமக்கு வேலை குறைவுதான். இதையெல்லாம் ஆங்கிலத்துக்குள் போட்டுத் திருப்பி எடுப்பது, பக்கத்தில் இருக்கிற செங்கலடிக்குப் போகக் கொழும்பைச் சுற்றிப் போவது மாதிரி. ஜப்பானின் என்.எச்.கே. வானொலியின் இணையப் பாடங்கள் இந்தி, வங்காளம், உருதுவில் உண்டு. தமிழில் இல்லை.

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. 'வீட்டில் இருக்கிறேன்', 'வீட்டில் சாப்பிடுகிறேன்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'இல்'. அங்கே முதலாவதுக்கு 'நி', இரண்டாவதுக்கு 'தெ'. இருப்பதற்கு ஒன்று, செய்வதற்கு ஒன்று. இது இன்னும் எனக்கு வாயில் தானாக வருவதில்லை.

கல்முனைப் பொடியன்:
தங்கச்சி, உங்களுக்குப் பாதி ஆங்கிலமாவது கிடைக்கிறது. நான் போகிற வகுப்பு அம்பாறை டவுனில், முழுக்கச் சிங்களம். சனிக்கிழமை காலையில் காரைதீவுச் சந்தியில் பஸ் ஏறிச் சம்மாந்துறை வழியாகப் போக வேண்டும். வகுப்பில் தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருவன்தான். தொடக்கத்தில் சேர் ஜப்பானியத்தில் சொன்னது விளங்கும், அதற்குச் சிங்களத்தில் சொன்ன விளக்கம் விளங்காது! பக்கத்தில் இருந்த பொடியன் உடைந்த தமிழில் சொல்லித் தருவான், நான் அவனுக்கு எழுத்துப் பயிற்சியில் உதவுவேன். சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வரும், அதனால் போகப் போகச் சமாளிக்கலாம். ஒரு வருடத்தில் என் சிங்களம்தான் நன்றாக முன்னேறியது என்று உம்மா சொல்கிறா.

சீனத்தில் இருந்து வந்த கஞ்சி எழுத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே. (நோன்பு நேரத்தில் 'கஞ்சி படிக்கப் போறேன்' என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள்.) அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2136 எழுத்து. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஆரம்ப நிலையான என்5க்கு நூறு அளவில் போதும். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, ஒரே எழுத்துக்குப் பல ஓசை இருப்பதுதான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமைக்கு 'நிச்சியோபி'. அந்தச் சொல்லின் முதலிலும் கடைசியிலும் ஒரே எழுத்துத்தான், ஒரு இடத்தில் 'நிச்சி', மற்ற இடத்தில் 'பி'. ஏன் என்று கேட்டால் சேர் சிரிக்கிறார். ஒலிகளைத் தனியாகப் பாடமாக்காமல், சொல்லாகவே படித்தால்தான் நிற்கிறது.

படுவான்கரை:
எங்கள் ஊரில் ஜப்பான் என்றால் பாலமும் வேனும். முன்பு பாதையில் (மிதவைப் படகில்) கடந்த மண்முனைத் துறைக்கு ஜப்பான் உதவியில் பாலம் வந்தது 2014 இல். வேன் கதை இது: மாமா வாடகைக்கு ஓடும் வேனில் ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு பொம்பிளைக் குரல் ஏதோ சொல்லும். சின்ன வயதில் இருந்து கேட்கிறோம், வணக்கம் சொல்கிறா என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். போன மாதம் கண்டிக்குப் போகும்போது திடீரென்று விளங்கியது. 'ஈ.டி.சி. கார்ட் போடப்படவில்லை' என்கிறா. அதிவேக வீதிக் கட்டணத்துக்கான அட்டை, ஜப்பானில்! மாமாவிடம் சொன்னேன். 'இத்தனை வருஷமா காசா கேட்டவ?' என்றார்.

நீங்கள் சொன்ன 'இருக்கிறது' விஷயத்தில் இன்னொன்று. உயிர் உள்ளதற்கு 'இமாசு', இல்லாததற்கு 'அரிமாசு'. உயர்திணை, அஃறிணை என்று நினைத்துப் போனேன். நாயும் பூனையும் மனிதரோடு சேர்ந்துவிட்டன. மரம் மேசையோடு போய்விட்டது.

திருக்கோவில் அக்கா:
நான் படித்து முடித்து வேலைக்கும் வந்துவிட்டேன், தேர்வு பற்றிச் சொல்கிறேன். ஜே.எல்.பி.டி. டிசம்பரில் முதல் ஞாயிறு, கொழும்பில். நமக்கு அது மாரி மழை கொட்டுகிற நேரம். ரோட்டில் வெள்ளம் ஏறினால் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே சனிக்கிழமை இரவு பஸ்ஸை நம்பாமல் வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள். தூக்கமில்லாமல் போய் இருந்தால் கேட்டல் பகுதியில் விழுந்துவிடுவீர்கள். ஒலியை ஒரு தடவைதான் போடுவார்கள். என்5இல் மொத்தம் 180க்கு 80 எடுத்தால் சித்தி. ஆனால் கேட்டலில் 60க்கு 19 இல்லாவிட்டால் மற்றதில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை.

இன்னொன்று பெயர். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள், நம்மிடம் இருப்பது அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பிறகு வகுப்பில் எல்லாரும் அப்பாவின் பெயரோடு மரியாதைக்கு 'சன்' சேர்த்து உங்களைக் கூப்பிடுவார்கள், பழகிவிடும். ழ, ள, ல, ர, ற எல்லாம் கதகனாவில் ஒரே வரிசைக்குள் போய்விடும், அதற்கும் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

ஒலுவில் வளாகம்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு இடத்தில் 'என்5 முடித்தால் ஜப்பானில் வேலை' என்று சொல்லிப் பெருந்தொகை வாங்கினார்கள். என் நண்பனின் காசு இன்னும் திரும்பி வரவில்லை. 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவுக்கு என்5க்கு அடுத்த மேல் நிலையான என்4 வேண்டும், அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற இன்னொரு ஜப்பானிய மொழித் தேர்வில் 250க்கு 200. அதோடு தொழிலுக்கான திறன் தேர்வு வேறு. முதியோர் பராமரிப்பு என்றால் அதற்கென்று இன்னொரு மொழித் தேர்வும் உண்டு. காசு கட்ட முன் இதைக் கேளுங்கள். பாடத்துக்கு ஜப்பான் பவுண்டேஷனின் 'இரோதோரி' ஒலியோடு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஹொஸ்டல் வைஃபையில் இறக்கி வைத்தால் டேட்டாவும் மிச்சம்.

தமிழும் ஜப்பானியமும் ஒன்றுக்கொன்று உறவு என்ற சுசுமு ஓனோவின் ஆய்வு, அவரோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் பற்றியெல்லாம் கொஞ்சம் வாசித்தேன். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அந்த உறவை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது நமக்கு லாபம்தானே.

வந்தாறுமூலை ஹொஸ்டல்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, வெள்ளிக்கிழமையே போகும் யோசனையை வீட்டில் காட்டிவிட்டேன், ஓம் என்றார்கள். 'நி', 'தெ' இரண்டுக்கும் தமிழ் உதாரணங்களோடு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் இங்கே போடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். பெயருக்குப் பின்னால் வரும் உருபுகளான 'வா'வும் 'கா'வும் எங்கே எது வரும் என்று யாருக்காவது தமிழிலேயே விளக்க முடிந்தால் எழுதுங்கள். எங்கள் ஆசிரியர் மூன்று மொழியிலும் முயன்று பார்த்துவிட்டார்.