கரியடுப்புப் புகை: தாய் தெளிந்துவிட்டால் வயிற்றுப் பிள்ளையும் தெளிந்ததாகுமா?

கோவைவாசி (கேள்வி):
என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. சென்ற வாரம் உதகையில் தங்கியிருந்தபோது, குளிருக்காகக் கும்மட்டி அடுப்பில் கரி மூட்டி, சன்னல்களைச் சாத்திய அறையிலேயே வைத்துக்கொண்டு உறங்கிவிட்டோம். கரி நன்றாகக் கனன்றிருந்ததால் புகையோ நாற்றமோ தெரியவில்லை. அதிகாலையில் அவருக்குக் கடுமையான தலைவலியும் குமட்டலும் ஏற்பட்டன, நினைவு தப்பவில்லை. மருத்துவமனையில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டியது. சிறிது நேரம் ஆக்சிஜன் கொடுத்து, தலைவலி நின்றதும் அனுப்பிவிட்டார்கள். ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பு சீராக உள்ளது. குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுமா?

மகப்பேறு மருத்துவர்:
அந்த 98-ஐ நம்ப வேண்டாம். கரி எரியும்போது வெளிவரும் நஞ்சு வாயு கார்பன் மோனாக்சைடு; அது ஏறிய ஹீமோகுளோபினையும் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) அக்கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணிக் காட்டும். ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும். இத்தனை நாள் கழித்து அதைச் செய்வதில் பயனில்லை.

இந்த வாயு, ஆக்சிஜனைப் போல 200 மடங்குக்கும் மேலான பற்றுதலுடன் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதோடு, எஞ்சியிருக்கும் ஆக்சிஜனையும் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காதபடி செய்துவிடுகிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் ரத்தத்தில் மெதுவாக ஏறும் இவ்வாயு, பல மணி நேரம் நீடித்தால் தாயின் அளவையும் மிஞ்சிவிடும், இறங்குவதும் மெதுவாகத்தான். தாய்க்கு வெறும் காற்றில் நான்கைந்து மணி நேரத்திலும், முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலும் அளவு பாதியாகும். தாயின் தலைவலி நின்ற நேரத்தைக் குழந்தை மீண்ட நேரமாகக் கொள்ள முடியாது என்பதால்தான், கர்ப்பிணிகளுக்கு வழக்கத்தைவிட ஐந்து மடங்கு வரை நீண்ட நேரம் ஆக்சிஜன் கொடுக்கச் சொல்கிறோம். உங்களை விரைவில் அனுப்பியது எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் அஞ்ச வேண்டிய நிலை இதுவன்று. 1991-இல் வெளியான, பல மையங்களில் நடந்த ஆய்வொன்றில், கடுமையாக நஞ்சேறிய ஐந்து கர்ப்பங்களில் மூன்றில் விளைவு மோசமாக இருந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தே பிறந்தன, ஒன்றுக்கு மூளை முடக்குவாதம் ஏற்பட்டது. லேசாகவோ மிதமாகவோ பாதிக்கப்பட்ட தாய்மார்களுக்குப் பிறந்த 31 குழந்தைகளோ இயல்பாகவே வளர்ந்தார்கள். நினைவு தப்பாத உங்கள் மனைவி இவர்களைச் சேர்ந்தவர் என்றே தோன்றுகிறது. நடந்ததை உங்கள் மருத்துவரிடம் சொல்லி, வளர்ச்சி ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிறந்த பின் குழந்தை மருத்துவரிடமும் இதைத் தெரிவிப்பது நல்லது.

கோவைவாசி:
மிக்க நன்றி, டாக்டர். தலைப்பிரசவம் என்பதால் அடுத்த மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறார்கள். அங்கே கேஸ் இருந்தும், வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகடுப்புதான். அனுப்பலாமா?

பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றுபவர்:
தாராளமாக அனுப்புங்கள், அடுப்படியிலிருந்து மட்டும் அவரைத் தள்ளி வையுங்கள். ஓர் இரவின் விபத்தைவிட, அன்றாடம் சிறிதளவாகச் சேரும் புகையைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். குவாத்தமாலாவின் சான் மார்க்கோஸ் மலைப்பகுதியில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாய்மார்கள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடை அளந்து, அவர்களின் பிள்ளைகளை ஆறேழு வயதில் சோதித்தார்கள். அதிக வாயுவுக்கு ஆளான தாய்மார்களின் பிள்ளைகள் நினைவாற்றல், விரல்களின் நுண்ணியக்கம் போன்ற சில சோதனைகளில் பின்தங்கினர். 39 பிள்ளைகளை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது; விறகுப் புகையில் வேறு நஞ்சுகளும் இருப்பதால், பழியை இந்த ஒரு வாயுவின் மேல் மட்டும் போட இயலாது.

நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் சேர்த்து நான்கு நாடுகளில் நடந்த ஹாப்பின் ஆய்வில், கர்ப்பிணிகளுக்கு கேஸ் அடுப்பு கொடுத்தும் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதைக் காட்டி விறகடுப்பு தீங்கற்றது என்று வாதிடுவோர் உண்டு. பிறப்பு எடை வேறு, மூளை வளர்ச்சி வேறு. மேலும், அங்கே கேஸ் வந்து சேர்ந்தபோது கர்ப்பம் ஒன்பது வாரங்களையாவது கடந்திருந்தது; அதற்கு முன் சுவாசித்த புகையை அது தடுத்திருக்க முடியாது.

வெந்நீர் அடுப்பை முற்றத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின், தாயும் சேயும் படுக்கும் அறையில் சாம்பிராணி போடக் கரி நெருப்பைக் கொண்டுவருவார்கள். அதையும் கதவைச் சாத்திய அறைக்குள் வைக்க விடாதீர்கள்.