“ஒத்துக்கொண்டுதானே வேலைக்கு வந்தா?”

மறைக்கல்வி ஆசிரியை, சென்னை:

எங்கள் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் கூட்டம், ஜெபமாலை, வாசகம், பகிர்வு, அப்புறம் சுண்டல் என்று அமைதியாக முடிந்துவிடும். 2025 மே மாதம் புதிய திருத்தந்தை (போப்) லியோ என்ற பெயரை ஏன் எடுத்தார் என்று பேச்சு வந்தது. அந்தக் காலத்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றி 1891-இல் எழுதிய ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை மனதில் வைத்துத்தான் என்று அவரே சொல்லியிருந்தார். சரி, அதில் கூலி பற்றிய பகுதியை வாசிப்போம் என்று முடிவானது. ஆலைத் தொழிலாளி, முதலாளி, சங்கம் வைக்கும் உரிமை என்று போனவரை எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதைதானே.

“அப்போ நம்ம வீட்ல பாத்திரம் தேய்க்கிறவங்க?” என்று ஒரு அக்கா கேட்டார்.

அங்கேதான் சூடு பிடித்தது. “அவ கேட்ட சம்பளத்தைத்தான் குடுக்கிறோம், ஒத்துக்கிட்டுத்தானே வேலைக்கு வந்தா?” என்றார் இன்னொருவர். வேடிக்கை என்னவென்றால், பதின்மூன்றாம் லியோ இதே வாதத்தை எடுத்துத்தான் பதில் எழுதியிருக்கிறார். இரு தரப்பும் மனமொத்துப் பேசி முடிக்கலாம். ஆனால் அந்தப் பேச்சுக்கும் மேலே ஒரு நீதி இருக்கிறது, சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைக்கவே போதாத கூலி நியாயமாகாது என்கிறார். வேறு வழியில்லாமலோ, இதைவிட மோசமாகிவிடும் என்று பயந்தோ ஒருவர் ஒத்துக்கொண்டால், அவர் அநீதிக்குப் பலியானவர் என்றே சொல்கிறார்.

யாரும் மறுக்கவில்லை, பேச்சைத்தான் மாற்றினார்கள். கிறிஸ்துமஸுக்குப் புடவையும் கேக்கும் கொடுக்கிறோமே என்றார்கள். அது உண்மைதான். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் அரிசி கேட்டு வந்தால் எங்கள் தெருவில் இல்லை என்று சொல்பவர் கிடையாது. சம்பளம் பிடிக்காமல் வாரம் ஒருநாள் லீவு என்றால்தான் முகம் சுருங்குகிறது. ஞாயிறு நாம் பூசைக்குப் போய்விட்டு வந்து பிரியாணி சாப்பிடுவோம்; அந்தச் சட்டியை யார் கழுவுவது என்பதுதான் கவலை. சில வீடுகளில் இப்போது ஞாயிறு லீவு விடுகிறார்கள். பலர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

வீட்டு வேலை செய்பவரின் மகள், மதுரை:

அக்கா, நான் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். ஞாயிறு முதல் பூசைக்கு மட்டும்தான் அவரால் போக முடியும். எட்டு மணிக்கு அதே கோயிலுக்கு முதலாளியம்மா கிளம்பும்போது, இவர் அவர்கள் வீட்டு அடுப்படியில் இருப்பார்.

ஒருநாள் எங்கள் தெருவுக்கு ஒரு சிஸ்டர் வந்தார், தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கத்திலிருந்து. பெல்ஜியத்திலிருந்து வந்த அருட்சகோதரி ஜீன் தெவோஸ் 1985-இல் தொடங்கிய இயக்கம் அது. ஜெபம் பண்ணுவார் என்று பாய் விரித்தோம். அவரோ, “ஒரு வீட்ல எத்தனை மணி நேரம் நிக்கிறீங்கம்மா? அப்போ மணிக்கு எவ்வளவு ஆகுது?” என்று கேட்டார். அம்மா அதுவரை மாதக் கணக்குதான் பார்த்திருந்தார். விரல் விட்டு எண்ணி முடித்தவர், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சிரித்தார், அது நல்ல சிரிப்பு இல்லை.

வீட்டுப் பணியாளர் நலவாரியம் என்று ஒன்று இருப்பதே அவர் சொல்லித்தான் தெரியும். அம்மா அதில் பதிந்தார். எனக்குக் கல்வி உதவித்தொகை வந்தது அதன் வழியாகத்தான். சம்பளம் கூட்டிக் கேட்டதும் ஒரு வீட்டில், “உன்னையும் சங்கத்துல சேத்துட்டாங்களா?” என்று கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் பேசாமல் கூட்டிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு 24 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு வேண்டும் என்று 2011-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ஆனால் ஒரு வீட்டில் லீவு விட டெல்லியில் கையெழுத்தாக வேண்டியதில்லையே.

ஓய்வுபெற்ற ஊழியர், தஞ்சாவூர்:

மன்னிக்கணும், எனக்கு முழு உடன்பாடு இல்லை. பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம், என்றால் ஜெபம், ஞானஸ்நானம், திருமணம் போன்ற அருட்சாதனங்கள். சங்கம், வாரியம் என்று போனால் அரசியல் நுழைந்துவிடும். அதோடு, எங்கள் தெருவில் பென்ஷனில் ஓடும் வயதானவர்களும் ஆள் வைத்திருக்கிறார்கள். அவர்களால் எங்கே கூட்டிக் கொடுக்க முடியும்?

வீட்டு வேலை செய்பவரின் மகள், மதுரை:

ஐயா, பென்ஷன்காரர்கள் வீட்டில் அம்மா சண்டை போட்டதே இல்லை. நேரத்தைக் குறைத்துக்கொள்வார். மாடி வீட்டுக்காரர்களிடம்தான் வாக்குவாதம் வரும்.

பங்குப் பேரவை உறுப்பினர், திருச்சி மாவட்டம்:

எல்லோரும் வீட்டுக்குள்ளே பார்க்கிறீர்கள், நான் கோயிலுக்குள்ளே பார்க்கச் சொல்கிறேன். எங்கள் கோயில் பணியாளரான கோயில்பிள்ளை விடியுமுன் மணி அடிப்பார், பூசைக்கு எல்லாம் எடுத்து வைப்பார். சாவு விழுந்தால் ராத்திரியானாலும் வருவார். அவர் சம்பளத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மீதிக்குக் கல்யாணம், அடக்கம் என்று ஜனங்கள் கையில் வைப்பதுதான்.

திருவிழா முடிந்து கணக்கு வாசித்தபோது, வாணவேடிக்கைக்கு எழுதியிருந்த தொகை அவருடைய வருடச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. எழுந்து சொன்னேன். 1971-இல் ரோமில் கூடிய ஆயர் மன்றம் நீதி பற்றி வெளியிட்ட ஏட்டில், நீதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பிறர் கண்முன் நீதியாக நடக்க வேண்டும், திருச்சபைக்கு உழைப்பவர்களுக்குப் போதுமான ஊதியம் தர வேண்டும் என்று இருக்கிறது. அதையும் வாசித்துக் காட்டினேன். பங்குச் சாமியார் தலையசைத்தார். எதிர்ப்பு வந்தது கோயில்பிள்ளையிடமிருந்தே! “அண்ணே, சாமிக்குச் செய்ற வேலைக்குக் கணக்குப் பாக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்வாரு” என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது.

கடைசி வரிசையிலிருந்து அவர் மனைவி எழுந்தார். “அவரு அப்படித்தான் சொல்வாரு. மளிகைக் கடைக்காரரு கணக்குப் பாக்குறாருல்ல?”

சம்பளம் கூடியிருக்கிறது. வருங்கால வைப்பு நிதி பற்றிக் கேட்டேன், அடுத்த பேரவைக் கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். வேறு பங்குகளில் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் எடுத்துப்போய்ப் பேச வசதியாக இருக்கும்.