46 வயதில் கைட் சர்ஃபிங்: கிழக்குக் கடற்கரையில் நானே தொடங்கலாமா?

பிடோக்வாசி:

வணக்கம். 2024 சிங்கப்பூர்த் தேசிய தினத்தன்று அம்மா வீட்டில் மகளோடு உட்கார்ந்து, பாரிஸ் ஒலிம்பிக்கின் கைட் சர்ஃபிங் போட்டியில் (பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடல்மேல் விரைவது) நம் மேக்சிமிலியன் மேடர் மார்சேயில் வெண்கலம் வென்றதைப் பார்த்தேன். காற்று வராமல் இறுதிச்சுற்று ஒருநாள் தள்ளிப்போய், சரியாக ஆகஸ்ட் 9 அன்று 17 வயதுப் பிள்ளை நமக்குப் பதக்கம் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இந்த ஆசை என்னை விடவில்லை.

எனக்கு வயது 46, எடை 82 கிலோ. நீச்சல் குளத்தில் நிற்காமல் 20 சுற்று நீந்துவேன். திறந்த கடலில் நீந்திய பழக்கம் இல்லை. கண்ணாடி அணிபவன். ஒருவர் 12 சதுர மீட்டர் பட்டமும் பலகையும் பழைய விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கி, காணொளிகளைப் பார்த்து, வீட்டருகே கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் பழகலாமா? செலவுக்குப் பயந்து கேட்கவில்லை. ஐந்து நாள் விடுப்பை வீணாக்கக்கூடாது என்பதே என் கவலை.

ஈசூன் மலர்:

தம்பி, அந்தப் பட்டத்தை இப்போது வாங்காதீர்கள். நான் 43 வயதில் கற்றவள், இது ஆறாவது ஆண்டு. வயது ஒரு தடையே இல்லை. ஆனால் தனியாகக் கற்கும் விளையாட்டு அல்ல இது.

முதலில் நம் ஊர்க் காற்று. சிங்கப்பூரில் தரைக்காற்றின் சராசரி வேகம் பெரும்பாலும் நொடிக்கு 2.5 மீட்டருக்கும் குறைவு, அதாவது 5 நாட் (மணிக்கு 9 கிலோமீட்டர்) அளவு. தொடக்கநிலையில் இருப்பவருக்குச் சீரான 12 நாட்டாவது வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும் நாள்களில்தான் 20 நாட் வரை போகும். ஆண்டு முழுவதும் காத்திருந்து சில நாள்களைப் பிடிக்க வேண்டும். விட்டு விட்டுக் கற்றால் கை ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறது.

மற்ற மாதங்களில் திடீரென்று வரும் காற்றை நம்பவே கூடாது. சுமத்ரா சூறாவளி மழை விடியற்காலையிலோ காலையிலோ வரும்போது காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். காற்றின் வேகம் இரட்டித்தால் பட்டத்தின் இழுப்பு நான்கு மடங்காகும். மேற்கே வானம் கறுத்தால் பட்டத்தை இறக்கிவிடுவதே என் வழக்கம். மைஎன்வி செயலியில் மழை வரைபடத்தைப் பார்க்காமல் நான் பட்டத்துக்குக் காற்றே அடைப்பதில்லை.

இனி முக்கியமானதைச் சொல்கிறேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் எதிரே வானம் பாதிக் கடிகாரமாக விரியும். தலைக்கு நேர்மேலே 12 மணி, இருபுறமும் 9, 3. பட்டம் 12இல் நிற்கும்போது சாதுவாக இருக்கும். எதிரே தாழ்வாக, நடுவில் பாய்ந்தால் அங்கேதான் முழு வலிமையும். கற்கத் தொடங்கிய மூன்றாம் நாள் என் பட்டம் அந்த நடுவில் விழுந்தது. பயந்தால் கை தானாக இறுக்கிப் பிடிக்கும். நானும் பாரை, அதாவது பட்டத்தைத் திருப்பப் பிடிக்கும் கம்பியை, நெஞ்சோடு சேர்த்து இழுத்தேன். பாரை இழுக்க இழுக்கப் பட்டத்துக்கு வலு கூடும் என்று அதற்கு முந்தைய நாள்தான் கற்றிருந்தேன். முப்பது மீட்டராவது இழுபட்டு, முழங்கால் சிப்பிப் படுகையில் உரசி நின்றது. பயிற்றுநர் "விடு, விடு" என்று கத்தியது பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை மணலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இடுப்புக் கச்சையிலிருந்து பட்டத்தை விடுவிக்கும் பூட்டான குயிக் ரிலீஸை இருபது முறை தள்ளிப் பழகினேன். வரிசை இதுதான்: பாரை விடு, பட்டம் தளரும். அப்படியும் இழுத்தால் குயிக் ரிலீஸைத் தள்ளு, பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கிச் சாயும். அதற்கும் அடங்காவிட்டால் கடைசிக் கயிற்றையும் கழற்றிப் பட்டத்தைக் கடலுக்குக் கொடுத்துவிடு. இந்த மூன்றும் கைக்கு வராதவரை பலகையைத் தொடாதீர்கள். காணொளி இதைக் கைக்குக் கற்றுத்தராது. பழைய பட்டத்தை வேண்டாம் என்பதும் இதனால்தான். குயிக் ரிலீஸில் மணலும் உப்பும் ஏறி இறுகியிருக்கும். கயிறுகள் ஒன்றுக்கொன்று நீளம் மாறியிருக்கும். கைதேர்ந்தவர் இழுத்துப் பார்த்தே கண்டுபிடிப்பார், உங்களால் இப்போது முடியாது.

ஐந்து நாளையும் ஒரே மூச்சில் காற்றுள்ள ஊரில் செலவிடுங்கள். நான் ஜூன் விடுமுறையில் இலங்கையின் கற்பிட்டிக்குப் போனேன். மே முதல் அக்டோபர் வரை அங்கே காற்று ஓயாது. களப்பில் அலை கிடையாது, நிறைய இடங்களில் இடுப்பளவு நீர்தான். விழுந்தால் எழுந்து நிற்கலாம். ஆண்டிறுதியில் விடுப்பு என்றால் வியட்நாமின் முய் நே. மலேசியாவின் தேசாரு பக்கம்தானே என்று போய்விடாதீர்கள். வாடைக்காற்று அங்கே கடலிலிருந்து நேராகக் கரைக்கு வீசும், அலையும் முரடு. புதியவரைக் கரைமேல் தூக்கி எறிந்துவிடும்.

வடமராட்சி:

மலர் அக்கா சொன்ன கற்பிட்டிக் காற்றை எங்கள் ஊர்க் கடலோடிகள் சோளகம் என்பார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சாலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். மீனவக் குடும்பங்கள் பலவும் தமிழ் பேசுபவை. வலை விரிக்கும் பக்கம் எது என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். அது அவர்கள் பிழைப்பு, நம் கயிறு அதில் சிக்கக்கூடாது.

இராமேசுவரத்திலும் பயிற்சிப் பள்ளிகள் உள்ளன. ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பாக் விரிகுடா. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் ஒரு பக்கம் தண்ணீர் தட்டையாகக் கிடைக்கும்.

காற்றுக்காவலன்:

சிங்கப்பூர்ச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். விமான நிலையம், விமானப்படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பட்டம் பறக்கவிட அனுமதி வேண்டும். அதற்கு வெளியிலும் 200 அடிக்கு மேல் போனால் அனுமதி வேண்டும். நம் கயிறுகள் 20 முதல் 24 மீட்டர்தான், உயரம் சிக்கல் இல்லை, தூரம்தான் சிக்கல். கிழக்குக் கடற்கரைப் பூங்கா நீளமானது. கிழக்கே போகப் போகச் சாங்கி விமான நிலையம் நெருங்கிவிடும். நடப்பவர்களும் சைக்கிளில் போகும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில், இறுகிய கயிறு கத்திக்குச் சமம்.

கண்ணாடிக்கு மிதக்கும் பட்டை போட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு ஜோடியைக் கடலில் விட்டபின்தான் வாங்கினேன்.

பிடோக்வாசி:

மூவருக்கும் நன்றி. பட்டம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஜூனில் கற்பிட்டி. மகளுக்கு 14 வயது, 41 கிலோ, தானும் வருவேன் என்கிறாள். ஐந்து நாளில் எவ்வளவு தூரம் போக முடியும்?

ஈசூன் மலர்:

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். அவளுக்குச் சிறிய பட்டம் தருவார்கள், உங்கள் பட்டத்தில் அவளை ஏற்றாதீர்கள். முதல் நாள் கரையில் பயிற்சிப் பட்டம். இரண்டாம் நாள் பலகை இல்லாமல் நீரில் இழுபடுவது, பாடி டிராக். அதைச் சலிப்பு என்று ஒதுக்காதீர்கள். நடுநீரில் பலகையை விட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுக்க உதவுவது அந்த வித்தைதான். எனக்கு ஏழாம் மணி நேரத்தில்தான் பலகை மேல் எழுந்து நிற்க வந்தது, பத்து மீட்டர். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர இன்னொரு பயணம் தேவைப்பட்டது. மேடரைப் போல நீருக்கு மேலே மிதக்கும் ஃபாயில் பலகையை இரண்டு ஆண்டுகளுக்கு நினைக்கவே வேண்டாம்.

பயிற்சிக்குப் பதியும்போது இருவரின் இடுப்புச் சுற்றளவையும் எழுதி அனுப்புங்கள். எனக்குக் கிடைத்த கச்சை பெரிதாகி விலா வரை ஏறியதால், முதல் நாள் அரைமணிக்கு ஒருமுறை கரைக்கு வந்து இறுக்கவேண்டியிருந்தது.