யஸ்த் நகரத்துக் காற்றுக் கோபுரங்கள்: அனல் காற்று எவ்வாறு குளிர்கிறது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். துபாயில் பணிபுரியும் நான், சென்ற வாரம் அல் ஃபாஹிதி பழைய குடியிருப்பில், நாற்புறமும் திறந்த காற்றுக் கோபுரம் ஒன்றின் அடியில் சிறிது நேரம் நின்றேன். மேலிருந்து காற்று இறங்கியது உண்மைதான்; ஆனால் வெளியிலிருந்த அதே சூட்டோடு இறங்கியது. ஈரானின் யஸ்த் நகரில், பாலைவனத்தின் நடுவே, இத்தகைய கோபுரங்களைக் கொண்டே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடையைக் கடந்தார்கள் என்று படித்திருக்கிறேன். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், அந்த அனலையே வீட்டுக்குள் இறக்குவதால் என்ன பயன்? குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

பதில் 1

கோபுரம் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பாரசீகத்தில் அதன் பெயர் 'பாத்கீர்'. பாத் என்றால் காற்று, கீர் என்றால் பிடிப்பது. பிடித்த காற்றைக் குளிரவைக்கும் வேலையை நீர் செய்கிறது. யஸ்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 60 மில்லிமீட்டர்தான். அவ்வளவு வறண்ட காற்று நீரின்மேல் படும்போது நீர் விரைந்து ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. ஏழு நிமிடங்களுக்கு மேல் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்கு இது சமம்.

மழையில்லாத ஊரில் அந்த நீர் எப்படி வந்தது என்பதுதான் என்னை மிகவும் வியக்கவைப்பது. நகருக்குத் தென்மேற்கே 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஷீர்கூ மலையின் அடிவாரத்து நிலத்தடி நீரை, மிக மெல்லிய சரிவில் தோண்டிய சுரங்க வாய்க்கால்கள் வழியாக, எந்த இயந்திரமும் இன்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 'கனாத்' எனப்படும் இவற்றுள் ஸார்ச் கனாத்தின் நீளம் 70 கிலோமீட்டருக்கும் அதிகம். அது யஸ்தின் ஜாமி மசூதிக்கு அடியில் செல்கிறது. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தவ்லதாபாத் தோட்டத்தின் எண்கோணக் கோபுரம் 33 மீட்டருக்கு மேல் உயரமுடையது. அதன் வழியே இறங்கும் காற்று, கீழ் மண்டபத்தின் தடாகத்து நீரைத் தழுவிய பிறகே அறைகளுக்குள் பரவும்.

தாங்கள் நின்ற குடியிருப்பை உருவாக்கியவர்கள் தெற்கு ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள். அவர்கள் கோபுரத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் துபாயின் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், அங்கே நீரை ஆவியாக்கிப் பெரிதாகக் குளிர்விக்க இயலாது. காற்று வியர்வையின்மேல் வீசும் சுகம் மட்டுமே கிடைக்கும்.

பதில் 2

மேற்கண்ட விளக்கம் சரியானது. எனினும் அதில் நீருக்குத் தரப்பட்ட இடம் சற்று மிகுதி என்று கருதுகிறேன். கோபுரத்தின் அடியில் தடாகமே இல்லாத வீடுகளும் யஸ்தில் உண்டு. அங்கே இரவும் மண்ணும் அந்த வேலையைச் செய்கின்றன. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கோபுரச் சுவர்கள் இரவில் தம்முள் இருக்கும் காற்றைச் சூடேற்றுவதால் அது மேலெழுந்து வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப முற்றத்துக் குளிர்காற்று அறைகள் வழியாக இழுக்கப்படுகிறது. அதாவது, காற்றே வீசாத இரவிலும் கோபுரம் புகைபோக்கியைப் போல இயங்கும். விடிவதற்குள் குளிர்ந்துபோன சுவர்கள், முற்பகலில் உள்ளே இறங்கும் காற்றின் சூட்டை ஓரளவு வாங்கிக்கொள்ளும்.

வீட்டின் அமைப்பும் இதற்கு இணங்கியதே. முற்றத்தின் தென்புறத்து அறைகள் வடக்கு நோக்கியிருப்பதால் வெயில் படாது. கோபுரம் அங்கேதான் எழும்பும், கோடை வாழ்க்கையும் அங்கேதான். குளிர்காலத்தில் குடும்பம் வடபுறத்து அறைகளுக்கு மாறிக்கொள்ளும். தடித்த பச்சைச் செங்கல் சுவர்கள், அவற்றின்மேல் வைக்கோல் கலந்த மண்பூச்சு, சந்துகளை இடையிடையே மூடி நிழல் தரும் 'சாபாத்' வளைவுகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கோபுரம் ஓர் உறுப்பு மட்டுமே என்பது விளங்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சில ஊர்களில் ஒருபக்கம் மட்டும் திறந்த கோபுரங்களைப் படங்களில் பார்த்தேன். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

பதில் 3

காற்றின் திசைதான் காரணம். யஸ்துக்கு வடமேற்கேயுள்ள அர்தகான், மெய்போத் ஊர்களில் விரும்பத்தக்க காற்று பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வருவதால் ஒருபக்க வாய் போதும்; மறுபக்கங்களைத் திறந்தால் புழுதிக்காற்று புகும். யஸ்தில் காற்று பல திசைகளிலிருந்து வருவதால் நான்கு பக்கமும் எட்டுப் பக்கமும் திறந்து, உட்குழாயைச் செங்கல் தடுப்புகளால் பிரித்தார்கள். காற்றை எதிர்கொள்ளும் பிரிவின் வழியே காற்று இறங்கும்போது, எதிர்ப்பக்கத்துப் பிரிவு உள்ளிருக்கும் சூடான காற்றை உறிஞ்சி வெளியேற்றும்.

மெய்போத் வரை செல்பவர்கள் அங்குள்ள பழைய பனிக்கட்டிக் கிடங்கையும் பார்க்க வேண்டும். குளிர்கால இரவுகளில் ஆழமற்ற குட்டைகளில் நீரைப் பாய்ச்சுவார்கள்; தெளிந்த வானை நோக்கி வெப்பம் வெளியேறுவதால் நீர் உறையும்; பகல் வெயில் படாதவாறு தெற்கே உயர்ந்த மண்சுவர் நிழல் தரும். உறைந்த கட்டிகளை மண் குவிமாடத்தின் கீழுள்ள குழியில் சேமித்துக் கோடையில் எடுத்தார்கள்.

யுனெஸ்கோ பாரசீகக் கனாத்துகளை 2016இலும் யஸ்த் பழைய நகரை 2017இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது நல்ல செய்தி. ஆனால் ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்தியதால் பல கனாத்துகள் வறண்டுவிட்டதும், வீடுகளில் மின்விசிறி பொருத்திய நீர்க்கூலர்கள் கோபுரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் எனக்கு உண்மையான வருத்தத்தைத் தருகின்றன. அந்தக் கூலரும் வறண்ட காற்றை நீரின்மேல் செலுத்தியே குளிர்விக்கிறது. வேறுபாடு, அதற்கு மின்சாரமும் குழாய்நீரும் வேண்டும் என்பதுதான். யஸ்துக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், கோபுரங்களைப் பார்ப்பதற்கு முன்பாகவே, பழைய மாளிகையொன்றில் இயங்கும் நீர் அருங்காட்சியகத்தில் கனாத்தை நோக்கி இறங்கும் படிகளில் இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் சூடு குறைவதை உடலே உணரும்.