ஜிஐ பில் இருந்தும் வெளிமாநிலக் கட்டணம் கேட்கிறார்கள், என்ன செய்வது?
அமெரிக்க ராணுவத்தில் 6 வருடம் இருந்துவிட்டு 2019-ல் வெளியே வந்தேன், ஜிஐ பில் (முன்னாள் ராணுவத்தினருக்கு அரசு தரும் படிப்புச் செலவு உதவி) 100 சதவீதம் உண்டு. டெக்சாஸிலிருந்து ஒஹாயோவுக்குக் குடிவந்து இங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். ஃபீஸ் கணக்கைத் திறந்தால் வெளிமாநிலக் கட்டணம்! ஜிஐ பில் கொடுப்பது உள்மாநிலக் கட்டணம் வரைதான், மீதி முழுக்க என் தலையில்.

தகுதிச் சான்று, டிடி 214 (ராணுவத்திலிருந்து வெளியே வந்ததற்கான சான்று), வாடகை ஒப்பந்தம், ஒஹாயோ ஓட்டுநர் உரிமம் எல்லாம் கொடுத்தாச்சு. உள்மாநிலக் கட்டணம் கேட்ட விண்ணப்பத்தின் மேலேயே சிவப்பு மையில் '3 வருடம் தாண்டிவிட்டது' என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். ராணுவத்திலிருந்து வெளியே வந்து 3 வருடத்துக்குள் சேர வேண்டும் என்பது பழைய விதி; ஆனால் 2021 ஆகஸ்ட் 1-லிருந்து அந்த வரம்பே கிடையாது. பல்கலைக்கழகத்தில் ஜிஐ பில்லுக்குச் சான்றளிக்கும் அதிகாரிக்கு மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. 25-ம் தேதி பணம் கட்டக் கடைசி நாள்.

இதே காரணம் சொல்லி மறுத்ததை யாராவது மாற்ற வைத்திருக்கிறீர்களா, யாரிடம் எந்தத் தாளைக் காட்டினீர்கள்?